கொச்சங்காடியின் பரம்பரை வீடுகள்: உரிமைச் சிக்கலைத் தீர்ப்பதும் தடுப்பதும் எப்படி?

கொச்சி: வீட்டின் உரிமையாளர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆன பின்னரும் நில வரி ரசீதில் அவர் பெயரே தொடர்வது பழைய நகரப் பகுதிகளில் பரவலாகக் காணப்படும் நிலையாகும். குடும்பத்தினர் அதே வீட்டில் வசிக்கின்றனர். வரியும் மின் கட்டணமும் தவறாமல் செலுத்துகின்றனர். ஆனால் கூரையைப் புதுப்பிக்க வங்கிக் கடன் கோரும்போதோ, அரசின் வீட்டுவசதி உதவிக்கு விண்ணப்பிக்கும்போதோ, வீட்டை விற்க முற்படும்போதோ, சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் யார் என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை சொல்ல வேண்டிய ஆவணம் அக்குடும்பத்தினர் கையில் இருப்பதில்லை.

எர்ணாகுளம் மாவட்டம் கொச்சி வட்டத்தில், மட்டாஞ்சேரியின் ஒரு பகுதியான கொச்சங்காடி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் இச்சிக்கலின் விளைவு கடுமையானது. இரண்டு மூன்று சென்ட் நிலத்தில் நிற்கும் பழைய வீட்டைப் பழுதுபார்க்கப் பணம் திரட்ட முடியாமல் போனால், ஒவ்வொரு தென்மேற்குப் பருவமழையும் அச்சுவர்களுக்கு ஒரு சோதனையாகிறது. முதல் தலைமுறை வாரிசுகள் உயிருடன் இருக்கும்போது சில மாதங்களில் முடியக்கூடிய பதிவுப் பணி, அடுத்த தலைமுறைக்குச் சென்றால் நீதிமன்ற வழக்காக மாறக்கூடும் என்பதே இவ்விவகாரத்தில் குடும்பங்கள் முதன்மையாக உணர வேண்டிய உண்மை.

மூன்று ஆட்சிகளின் எச்சம்

1341ஆம் ஆண்டின் பெரியாற்று வெள்ளத்துக்குப் பின் கொடுங்கல்லூரின் வணிகம் கொச்சிக்கு நகர்ந்தது. அக்காலத்தில் கொச்சங்காடியில் எழுப்பப்பட்ட யூத வழிபாட்டுத் தலத்தின் 1344ஆம் ஆண்டுக் கல்வெட்டு, இன்று மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலய வளாகத்தில் பாதுகாக்கப்படுகிறது. பின்வந்த நூற்றாண்டுகளில் கொங்கணியர், கச்சி மேமன்கள், குஜராத்தியர், தமிழர் எனப் பல மொழி பேசும் சமூகங்கள் இப்பகுதியில் குடியேறின. இதனால், அடுத்தடுத்த வீடுகளுக்குக்கூட வெவ்வேறு வாரிசுரிமைச் சட்டங்கள் பொருந்துகின்றன.

ஆட்சி வரலாறும் சிக்கலானது. ஃபோர்ட் கொச்சி பிரிட்டிஷ் ஆட்சியில் மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்ததாகவும், அதை ஒட்டிய மட்டாஞ்சேரி கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்ததாகவும் இருந்தன. 1949 ஜூலை 1இல் திருவிதாங்கூர்–கொச்சி ஒன்றியமும், 1956 நவம்பர் 1இல் கேரள மாநிலமும் உருவாயின. ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் நகராட்சிகள் 1967 நவம்பர் 1இல் கொச்சி மாநகராட்சியாக இணைந்தன. எனவே, பழைய வீடு ஒன்றின் மூலப் பத்திரம் எந்த ஆட்சியில், எந்த அலுவலகத்தில் எழுதப்பட்டது என்பதைக் கண்டறிவதே சில குடும்பங்களுக்கு முதல் பணியாக அமைகிறது.

சிக்கல் வளரும் விதம்

எடுத்துக்காட்டாக, 3 சென்ட் நிலத்தில் தாம் சம்பாதித்த பணத்தில் வீடு கட்டிய ஒருவர், உயில் எழுதாமல் காலமாகிறார் எனக் கொள்வோம். மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் ஆகியோர் வாரிசுகள்.

அவர் இந்துவாக இருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் தலா 1/4 பங்கு உண்டு. இறந்தவரின் தாயும் உயிருடன் இருந்தால், ஐவருக்கும் தலா 1/5 பங்காகும். தாயின் இப்பங்கைக் குடும்பத்தினர் பலர் கணக்கில் கொள்வதில்லை. பின்னர் அது தாயின் மற்ற பிள்ளைகளுக்கும் செல்வதால், வீட்டு உரிமைக்குள் சித்தப்பா, அத்தை வழி உறவினரும் வந்துவிடுகின்றனர்.

அவர் முஸ்லிமாக இருந்தால், மனைவிக்கு 1/8 பங்கு. எஞ்சிய 7/8 பங்கில் மகனுக்கு இரண்டு பாகம், மகளுக்கு ஒரு பாகம். அதாவது மகன் ஒவ்வொருவருக்கும் 7/20, மகளுக்கு 7/40. இறந்தவரின் தாய் இருந்தால் அவருக்கு 1/6 பங்கு தனியே உண்டு. அதற்கேற்ப மற்ற பங்குகள் மாறும்.

அவர் கிறித்தவராகவோ யூதராகவோ இருந்தால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மனைவிக்கு 1/3, பிள்ளைகள் மூவருக்கும் தலா 2/9.

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. முஸ்லிம் குடும்பத்தின் மகளுக்குரிய 7/40 பங்கை 3 சென்ட்டில் கணக்கிட்டால் சுமார் 229 சதுர அடி வரும். கூடம், சமையலறை, கிணறு, நடைவழி ஆகியவற்றைக் கொண்ட வீட்டில் இப்பங்கைச் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொடுக்க இயலாது. ஒருவர் வீட்டை ஏற்றுக்கொண்டு மற்றவர்களுக்கு ஈடாகப் பணம் கொடுப்பது அல்லது வீட்டை விற்றுத் தொகையைப் பிரிப்பது ஆகியவையே நடைமுறையில் எஞ்சும் வழிகள்.

இம்முடிவை நான்கு பேர் ஓர் அறையில் அமர்ந்து எடுக்கலாம். எடுக்காமல் விட்டால், தாய்க்குப் பின் மூன்று பிள்ளைகளும் காலமாகி, ஒவ்வொருவருக்கும் துணைவரும் மூன்று பிள்ளைகளும் இருக்கும் நிலையில், கூட்டு உரிமையாளர் எண்ணிக்கை 12 ஆகிவிடும். அவர்களில் ஒருவர் வளைகுடா நாட்டிலும், ஒருவர் கோவையிலும் வசிக்கலாம். ஒருவர் பதினெட்டு வயது நிரம்பாதவராக இருக்கலாம். ஒரே ஒரு கையெழுத்து கிடைக்காவிட்டாலும் முழு வீட்டுக்கான பத்திரம் முழுமை பெறாது.

இறந்த நாளும் பொருந்தும் சட்டமும்

ஒருவரது சொத்து யாரைச் சேரும் என்பதைப் பொதுவாக அவர் இறந்த நாளில் நடைமுறையில் இருந்த சட்டமே முடிவு செய்கிறது. ஆகவே குடும்ப மரத்தை வரையும்போது, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இறந்த நாளைக் குறிப்பது கட்டாயம்.

தந்தை தாமே சம்பாதித்த சொத்தில், 1956 ஜூன் 17 முதலே இந்து மகளுக்கு மகனுக்கு இணையான பங்கு உண்டு. திருமணத்தின்போது நகையோ பணமோ கொடுக்கப்பட்டது என்பதால் அப்பங்கு அற்றுப்போவதில்லை. பூர்விகச் சொத்தைப் பொறுத்தவரை கேரளத்தின் நிலை வேறாக இருந்தது. 1976 டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த கேரள இந்துக் கூட்டுக்குடும்ப முறை ஒழிப்புச் சட்டம், பிறப்பால் வரும் பங்குரிமையையே நீக்கியது. இதனால் 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் மகள்களுக்கு அளித்த உரிமை கேரளத்தில் செல்லுமா என்ற ஐயம் நீடித்தது. மாநிலச் சட்டத்தின் 3, 4ஆம் பிரிவுகள் மத்தியச் சட்டத்துக்கு முரணானவை என்றும், 2004 டிசம்பர் 20க்குப் பிறகு இறந்த இந்துவின் மகளுக்குப் பூர்விகச் சொத்தில் சமபங்கு உண்டு என்றும் கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. அத்தேதிக்கு முன்பே பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்ற ஆணையாலோ முடிந்துபோன பாகப்பிரிவினைகளை இது பாதிப்பதில்லை.

கிறித்தவக் குடும்பங்களின் வரலாற்றில் 1986ஆம் ஆண்டின் மேரி ராய் வழக்குத் தீர்ப்பு முக்கியமானது. திருவிதாங்கூர் கிறித்தவ வாரிசுரிமைச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே செல்லாது என்றும், இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. முடிந்துவிட்டதாகக் கருதப்பட்ட பழைய பிரிவினைகளிலும் பெண் வாரிசுகளின் கையெழுத்து இருக்கிறதா எனப் பார்க்க வேண்டிய நிலையை அத்தீர்ப்பு ஏற்படுத்தியது.

முஸ்லிம் குடும்பங்கள் இரு விதிகளைக் குறிப்பாக அறிந்திருக்க வேண்டும். தந்தைக்கு முன்பே இறந்துவிட்ட மகனின் பிள்ளைகளுக்கு, வேறொரு மகன் உயிருடன் இருக்கையில், தாத்தாவின் சொத்தில் வாரிசுப் பங்கு இல்லை. மேலும், மகள்கள் மட்டுமே உள்ள குடும்பத்தில் அவர்களது பங்கு மூன்றில் இரண்டுக்கு மேல் செல்லாது. எஞ்சியதில் இறந்தவரின் சகோதரர் போன்ற உறவினருக்கு உரிமை வரும். இவ்விரு நிலைகளிலும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வாழ்நாள் கொடையும், மூன்றில் ஒரு பங்கு வரையிலான உயிலும் வழியாகின்றன. வழக்கறிஞரும் நடிகருமான சி. ஷுக்கூர், தம் மகள்களின் வாரிசுரிமையை உறுதிசெய்யும் நோக்கில், 2023 மார்ச் 8இல் காசர்கோடு மாவட்டத்தில் தம் மனைவியுடனான திருமணத்தைச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மீண்டும் பதிவு செய்தது மாநில அளவில் விவாதத்தை எழுப்பியது.

ஆவணங்களும் அவற்றின் பெயர்களும்

கொச்சியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி தடுமாறுவது மலையாள ஆவணப் பெயர்களில்தான். தமிழ்நாட்டில் பத்திரம் எனப்படுவது கேரளத்தில் ஆதாரம். அதற்கு முந்தைய உரிமையைக் காட்டும் மூலப் பத்திரம் முன்னாதாரம். விற்பனைப் பத்திரம் தீறாதாரம் எனவும், பாகப்பிரிவினைப் பத்திரம் பாகபத்திரம் எனவும், விடுதலைப் பத்திரம் ஒழிமுறி எனவும், ஏற்பாட்டுப் பத்திரம் தனநிச்சய ஆதாரம் எனவும் வழங்கும். உயிலுக்கு ஒசியத்து என்று பெயர். வில்லங்கச் சான்று குடிக்கிடா சான்று எனப்படுகிறது. வாரிசுச் சான்று அனந்தராவகாசச் சான்று ஆகும்.

பட்டா என்ற சொல்லில் கூடுதல் கவனம் தேவை. தமிழ்நாட்டின் பட்டா மாற்றத்துக்கு இணையான வருவாய்த்துறை நடைமுறை கேரளத்தில் போக்குவரவு எனப்படும். அது முடிந்ததும் நிலம் தண்டப்பேர் கணக்கில் புதிய பெயருக்கு மாறும். கேரளத்தில் பட்டயம் என்பது வேறு: நில ஒப்படைப்பின் வழியாகவோ, குத்தகைதாரருக்கு நிலத் தீர்ப்பாயம் உரிமை வழங்கியபோதோ கிடைத்த ஆவணத்தை அது குறிக்கும்.

வரி ரசீது, போக்குவரவு, உரிமை ஆகிய மூன்றும் ஒன்றல்ல. போக்குவரவு என்பது வரி வசூலுக்கான ஏற்பாடு மட்டுமே என்றும், அது சட்டப்பூர்வ உரிமையைப் பாதிக்காது என்றும் 1966ஆம் ஆண்டின் கேரளப் பதிவு மாற்ற விதிகளே கூறுகின்றன. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாறுவதால் மட்டும் உரிமை உருவாகாது என உச்ச நீதிமன்றமும் பல வழக்குகளில் தெளிவுபடுத்தியுள்ளது. வீட்டிலேயே தங்கி வரி கட்டிய ஒரு மகனின் பெயருக்கு ரசீது மாறியிருந்தாலும், வெளியூரில் வாழும் சகோதரியின் பங்கு அதனால் மறைவதில்லை. கூட்டு உரிமையாளர் ஒருவர் நெடுங்காலம் தனியே வசித்தார் என்பது மட்டுமே மற்றவர்களின் உரிமையை நீக்காது. அவர்களது உரிமையை வெளிப்படையாக மறுத்து அனுபவித்ததை அவர் மெய்ப்பிக்க வேண்டும்.

வீடு உண்மையில் குடும்பத்துக்குச் சொந்தமா?

பாகம் பிரிப்பதற்கு முன், இறந்தவர் எந்த உரிமையில் அவ்வீட்டில் இருந்தார் என்பதை உறுதிசெய்ய வேண்டும். மூன்று தலைமுறையாக வாழும் வீடு சொந்த வீடாகத்தான் இருக்கும் எனக் கொள்வது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

வாடகைதாரரின் பிள்ளைகளுக்குக் கிடைப்பது குடியிருப்பு தொடர்பான உரிமையே அன்றி வீட்டின் உரிமை அன்று. ஒரு பெருந்தொகையை உரிமையாளரிடம் கொடுத்து, மாத வாடகையின்றி வசிக்கும் பணயம் முறையிலும் இதே நிலைதான். தமிழ்நாட்டில் ஒத்தி எனப்படும் இம்முறையில் வாரிசுகளுக்கு வருவது கொடுத்த தொகையைத் திரும்பப் பெறும் உரிமை. அதற்கான ஒப்பந்தம் இறந்தவர் பெயரில் இருந்தால், அதைக் காலம் தாழ்த்தாமல் புதுப்பித்துக்கொள்வது நலம். வக்ஃப், தேவஸ்வம், அறக்கட்டளை ஆகியவற்றுக்குச் சொந்தமான நிலத்தில் உள்ள வீடுகளுக்கும் நிலத்தின் நிலையைத் தனியே ஆராய வேண்டும்.

இதற்கு மாறாக, தமக்கு உரிமை உண்டு என்பதையே அறியாத குடும்பங்களும் உண்டு. 1963ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம், பிறர் நிலத்தில் குடிசை அமைத்து வாழ்ந்த குடிகிடப்புக்காரர்களுக்கு அவ்விடத்தை விலைக்குப் பெறும் உரிமையை அளித்தது. மாநகராட்சிப் பகுதிகளில் அதன் அளவு 3 சென்ட். ஊராட்சிப் பகுதிகளில் 10 சென்ட். குடிகிடப்புரிமை வாரிசுகளைச் சேரும் என அச்சட்டம் கூறுகிறது. தாத்தா காலத்துத் தீர்ப்பாய ஆணை வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா எனத் தேடிப்பார்ப்பது இதனால் பயனுள்ளது.

தீர்வுக்கான படிகள்

முதலாவது, இறப்புச் சான்று. பழைய இறப்பு பதிவு செய்யப்படாமல் விடுபட்டிருந்தால் காலதாமதப் பதிவுக்கு வழி உண்டு. ஓராண்டுக்கு மேல் ஆனவற்றுக்கு, 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் வகுப்பு நடுவருக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் நிலையிலான அல்லது அவரால் அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவரின் ஆணை போதுமானது.

இரண்டாவது, வாரிசுச் சான்று. கொச்சி வட்டாட்சியருக்கு விண்ணப்பித்தால், கிராம அலுவலரின் விசாரணைக்குப் பின் அரசிதழில் அறிவிப்பு வெளியாகும். 30 நாட்களுக்குள் ஆட்சேபம் வராவிட்டால் சான்று வழங்கப்படும். இச்சான்று வாரிசுகள் யார் என்பதைக் காட்டுமே தவிர, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தீர்மானிக்காது. நீதிமன்றம் வழங்கும் வாரிசுரிமைச் சான்றிதழ் வங்கி இருப்பு, பங்குப் பத்திரம், கடன் தொகை போன்றவற்றுக்கானது. வீட்டுக்கு அது பொருந்தாது.

மூன்றாவது, போக்குவரவு. நகர மையத்தில் இருந்தாலும் வருவாய்க் கணக்கில் மட்டாஞ்சேரி ஒரு கிராமமே. அங்குள்ள வில்லேஜ் ஆபீஸில் மூலப் பத்திரம், வரி ரசீது, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றுடன் விண்ணப்பித்தால், அறிவிப்புக்குப் பின் எல்லா வாரிசுகளின் பெயரிலும் கூட்டாக நிலக் கணக்கு மாற்றப்படும். முடிவில் குறை இருப்பின் ஃபோர்ட் கொச்சி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

நான்காவது, கட்டடப் பதிவு. நிலத்தின் கணக்கு வருவாய்த்துறையிடமும் கட்டடத்தின் கணக்கு மாநகராட்சியிடமும் இருப்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நிலத்தில் பெயர் மாறிய பின் மாநகராட்சியின் சொத்து வரிப் பதிவேட்டிலும் பெயரை மாற்ற வேண்டும். கேரள உள்ளாட்சி அமைப்புகளின் சேவைகளுக்காக 2024 ஜனவரி 1இல் தொடங்கப்பட்ட கே-ஸ்மார்ட் தளம் இதற்கு உதவுகிறது.

ஐந்தாவது, பாகப்பிரிவினை அல்லது ஒழிமுறி. எல்லா வாரிசுகளின் பெயரிலும் கணக்கு மாறுவதோடு பணி முடிந்ததாகக் கருதி நிறுத்திவிடுவதால்தான் அடுத்த தலைமுறையில் 12 பெயர்கள் சேர்கின்றன. யார் வீட்டை வைத்துக்கொள்வது, யாருக்கு எவ்வளவு ஈட்டுத்தொகை, தாய் வாழ்நாள் முழுதும் எங்கு வசிப்பார் ஆகியவற்றை எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். வாய்மொழியாக முன்பே முடிந்த குடும்ப ஏற்பாட்டை நினைவுக் குறிப்பாக எழுதிவைப்பதை நீதிமன்றங்கள் ஏற்பதுண்டு. ஆனால் உரிமையையே உருவாக்கும் அல்லது கைவிடும் ஆவணம் பதிவின்றிச் செல்லாது. கேரளத்தில் விற்பனைக்கு முத்திரைத் தீர்வை 8 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் உள்ள நிலையில், குடும்பத்தினருக்குள்ளான பத்திரங்களுக்குச் சலுகை விகிதம் உண்டு. அச்சலுகைக்கு யார் குடும்பத்தினர் என்பதைச் சட்டம் வரையறுத்துள்ளது. தலைமுறை கடந்து உறவு விலகும்போது சலுகை கிடைக்காமல் போகலாம் என்பது காலத்தில் செயல்பட வேண்டியதற்கு மற்றொரு காரணம்.

இடர்ப்பாடான நிலைகள்

பத்திரம் தொலைந்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. பதிவு செய்யப்பட்ட ஆவணத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறலாம். பத்திர எண் தெரியாவிட்டால், அண்டை வீட்டாரின் பத்திரத்தில் எல்லையாகக் குறிப்பிடப்பட்டுள்ள விவரம், பழைய வரி ரசீது, சர்வே எண் ஆகியவை தேடலுக்குத் துணைபுரியும்.

வெளிநாட்டில் உள்ள வாரிசு, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றளிக்கப்பட்ட அதிகார ஆவணத்தை அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் உரிய முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். அதிகாரம் அளித்தவர் இறந்துவிட்டால் அவ்வாவணமும் பொதுவாகச் செயலிழந்துவிடும். பொது அதிகார ஆவணத்தின் மூலம் மட்டும் வீட்டை விற்றதாகக் கொள்ள முடியாது என 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறிவிட்டது.

வாரிசுகளில் பதினெட்டு வயது நிரம்பாதவர் இருந்தால், அவரது பங்கை விற்கவோ விட்டுக்கொடுக்கவோ நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். அனுமதியின்றி எழுதப்பட்ட பத்திரத்தை, அவர் வயது நிரம்பிய மூன்று ஆண்டுகளுக்குள் எதிர்த்து வழக்குத் தொடரலாம். முஸ்லிம் தாய் தன் பிள்ளையின் சொத்துக்குத் தானாகவே பாதுகாவலர் ஆவதில்லை. நீதிமன்றத்தின் நியமனம் தேவை. ஏழு ஆண்டுகளாக எவ்விதத் தகவலும் இல்லாமல் காணாமற்போனவர் இறந்ததாகக் கொள்ளும் அனுமானத்தைச் சட்டம் அனுமதிக்கிறது. அதற்கும் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும்.

உடன்பாடு எட்டாதபோது

பேச்சுவார்த்தை முறிந்தாலும் உடனே நீண்ட வழக்குக்குச் செல்வது ஒன்றே வழியன்று. வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் மனு அளித்தால், வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மறுதரப்பை அழைப்பர். லோக் அதாலத்தில் எட்டப்படும் முடிவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மீது மேல்முறையீடு இல்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி அளிக்க 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வகை செய்கிறது. தேசியச் சட்ட உதவி எண் 15100.

இறுதி வழியாகப் பாகப்பிரிவினை வழக்கு உள்ளது. சிறிய வீட்டைப் பிரிக்க இயலாது என நீதிமன்றம் கண்டால், 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி விற்பனைக்கு ஆணையிடலாம். பங்கு ஒன்றை வாங்கிய வெளியாள் குடும்ப வீட்டில் பிரிவினை கோரினால், அப்பங்கை நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்குத் தாமே வாங்கிக்கொள்ள அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு குடும்பத்தினருக்கு உரிமை அளிக்கிறது. மனக்கசப்பால் ஒரு சகோதரர் தன் பங்கை விற்றுவிட்ட குடும்பங்களுக்கு இப்பிரிவு ஒரு பாதுகாப்பு.

அமெரிக்காவிலும் இதே கதை

வாரிசு வீடுகளின் உரிமைச் சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் 10,000க்கும் மேற்பட்ட வீடுகள் இத்தகைய சிக்கலில் உள்ளதாகவும், அவற்றின் மதிப்பு 110 கோடி டாலருக்கு மேல் என்றும் பியூ அறக்கட்டளை 2021இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. 2005இல் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸைத் தாக்கியபோது, பாட்டன் பெயரில் இருந்த வீடுகளில் வாழ்ந்த பல குடும்பங்கள் தம் உரிமையை மெய்ப்பிக்க இயலாமல் மறுசீரமைப்பு உதவியைப் பெறுவதில் தடுமாறின. அந்நாட்டின் பேரிடர் மேலாண்மை முகமை 2021இல் ஆவண விதிகளைத் தளர்த்தியது. கடலோர நகரமான கொச்சிக்கும் இது பொருந்தும் பாடம்: பேரிடருக்குப் பின் நிவாரணம் கோரும்போது, உரிமை ஆவணம் எப்போதும் முதலில் கேட்கப்படும் தாள்களில் ஒன்று.

தடுக்கும் வழிகள்

உயில் எழுதுவதே எளிய தடுப்பு. அதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. இரு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். பின்னாளில் உயிலை மெய்ப்பிக்கச் சாட்சிகளில் ஒருவரேனும் தேவைப்படுவார் என்பதால், எழுதுபவரைவிட வயதில் இளைய, உயிலால் பயனடையாத இருவரைத் தேர்ந்தெடுப்பது நன்று. பதிவு செய்து வைத்தால் தொலைந்துபோகும் அச்சமும் குறையும். முஸ்லிம்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதினாலோ, வாரிசு ஒருவருக்கே எழுதினாலோ, மற்ற வாரிசுகளின் இசைவு தேவை.

வாழ்நாளிலேயே பிள்ளைகளுக்கு வீட்டை எழுதிவைக்கும் பெற்றோர், தம் ஆயுட்காலம் வரை அங்கு வசிக்கும் உரிமையையும், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே வெளிப்படையாக எழுத வேண்டும். பராமரிப்பு மறுக்கப்பட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி அப்பத்திரத்தை ரத்துசெய்யக் கோரலாம். நிபந்தனை எழுத்தில் இருந்தால் அக்கோரிக்கை வலுப்பெறும்.

நியமனதாரர் என ஒருவரைக் குறிப்பிடுவதால் அவர் உரிமையாளர் ஆவதில்லை. வாரிசுகளுக்காகச் சொத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளராகவே பெரும்பாலும் அவரைச் சட்டம் காண்கிறது. ஆகவே நியமனம் உயிலுக்கு மாற்றாகாது.

மாநிலத்தில் நடைபெற்றுவரும் டிஜிட்டல் மறு அளவைப் பணியின்போது, அளவையர் வரும் நாளில் குடும்பத்தினர் நேரில் இருந்து எல்லைகளையும் பெயர்களையும் சரிபார்ப்பது மற்றொரு தடுப்பு நடவடிக்கை. இறந்தவர் பெயரிலேயே புதிய பதிவேடும் உருவாகிவிட்டால் பழைய பிழை மேலும் ஒரு தலைமுறைக்கு நீடிக்கும்.

ஒவ்வொரு குடும்பமும் ஒரே கோப்பில் வைத்திருக்க வேண்டியவை: மூலப் பத்திரமும் முன்னாதாரமும், அண்மைய நில வரி ரசீது, மாநகராட்சிச் சொத்து வரி ரசீது, வில்லங்கச் சான்று, இறப்புச் சான்றுகள், வாரிசுச் சான்று, உயில் இருப்பின் அதன் நகல், எல்லா வாரிசுகளின் முகவரியுடன் கூடிய குடும்ப மரம். இவற்றுள் குடும்ப மரத்தை எழுத எந்த அலுவலகத்துக்கும் செல்ல வேண்டியதில்லை. பெயர்களையும் இறந்த நாட்களையும் நினைவில் வைத்திருக்கும் மூத்தவர் வீட்டில் இருக்கும்போதே அதை எழுதி முடிப்பது, மற்ற எல்லாப் படிகளையும் எளிதாக்கும்.